நாற்பத்து நான்காவது பலகை

“எனக்குக் கொஞ்சம் கிறுக்கு வேணுமுங்க, அம்மிணி. பத்துப் பன்னண்டு நாளைக்கு இருந்தாப் போதும்.”

மிருதுளா கையிலிருந்த காபியை மேஜையில் வைத்தாள். ஆறு வருடமாக அந்த எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் இருக்கிறதைக் குறைக்கச் சொல்லி வந்தவர்கள். கூட்டித் தரச் சொல்லி, அதுவும் காய்கறிக் கடையில் கொசுறு கேட்கிற சாவதானத்தோடு கேட்டவர் இந்தம்மாதான் முதல்.

பெயர் கோகிலாமணி. வயது ஐம்பத்திரண்டு. ஊர் ஒண்டிப்புதூர். குழந்தைகளுக்குப் படப் புத்தகம் வரைகிறவர் என்பதைக் கோப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. மிருதுளாவின் நாலு வயது மகள் ‘கிளி இறைக்கும் மோட்டார்’ மடியில் இல்லாமல் ஒரு வாய் சோறு வாங்க மாட்டாள். அதில் கிணற்று மோட்டாரைப் போட்டதும் குழாயிலிருந்து தண்ணீருக்குப் பதில் பச்சைக் கிளிகளாகக் கொட்டும். நமக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஓர் அம்மாள் முந்தானையை ஏந்தி அவற்றைப் பிடிப்பாள். தலையைச் சாய்த்து அவள் நிற்கிற நிலையிலேயே சிரிக்கிறாள் என்று தெரியும்.

“அந்தப் புத்தகம் போட்டது நீங்களாக்கா?” என்று மிருதுளா வேலையை மறந்து கேட்டுவிட்டாள்.

“நானேதானுங்க. இப்ப அந்த நான் எங்க போனேன்னுதான் தெரியல.” கோகிலாமணி வலது காதுக்குப் பின்னால் விரலால் தொட்டுக் காட்டினார். “இந்த நெல்லு உள்ள போனதுக்கப்புறம் ஒடம்புக்கு நல்லாத்தான் இருக்குது. தூங்கறேன், திங்கறேன், மோட்டார் பட்டறைக்குச் சோறு கட்டிக் குடுக்கறேன். ஆனா ரெண்டு வருசமா ஒரு படம் வரலீங்க. பென்சில எடுத்தா கை சும்மா நிக்குது. படம் வரலைன்னா நான் யாருங்க?”

அவர் நெல் என்றது சமனியை. அளவில் நெல்மணிதான். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்துகொண்டு, மனம் தலைகால் புரியாமல் மேலே ஏறும்போது இழுத்துப் பிடிக்கும், பாதாளத்துக்கு இறங்கும்போது கீழிருந்து தாங்கும். நாட்டில் நாலு லட்சம் பேர் காதுக்குப் பின்னால் அது இருக்கிறது. மருத்துவர்கள் அதை வைப்பார்கள். ஆளுக்கு ஆள் மேல் கோடு எங்கே, கீழ் கோடு எங்கே என்று பார்த்துப் பார்த்து வரைந்து தருவது மிருதுளா போன்றவர்களின் வேலை. ‘நிதானம்’ மனநல மையத்தில் அவளுக்கு ‘டியூனிங் பொண்ணு’ என்று பெயர்.

கோகிலாமணிக்குச் சமனி வைத்து மூன்று வருடம். படம் வரவில்லை என்று அவர் சொன்னது இரண்டு வருடம். நடுவில் ஒரு வருடம் உதைத்தது. மிருதுளா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ‘சமனிக்குப் பிறகு படைப்பு நின்றுவிட்டது’ என்று எழுதிக்கொண்டாள். கெட்டிக்காரர்கள் சறுக்குவது இப்படிச் சின்ன இடத்தில்தான்.

உண்மையில் அவள் மனது ஏற்கெனவே வேறு எங்கோ ஓடிவிட்டது. படிக்கிற காலத்திலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி ஒன்று உண்டு. ஒருத்தரைத் தூங்கவிடாமல் அடிக்கிறதும், அதே ஆளைக் குழாயிலிருந்து கிளி கொட்டுவதாக வரையவைக்கிறதும் ஒரே ஊற்றுத்தானா? நோயை அடைத்தால் கலையும் சேர்ந்து அடைபடுமா? ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருந்தார்கள். கையில் கணக்கு வைத்துக்கொண்டு யாரும் சொன்னதில்லை. இப்போது அந்தக் கணக்கு தானாக வந்து எதிரில் உட்கார்ந்திருந்தது.

ஏனென்றால் சமனி வைப்பதற்கு முன் ஐந்து வருடம் கோகிலாமணி கையில் ஒரு பட்டை கட்டியிருந்தார். மனதின் ஏற்ற இறக்கத்தை அது மணிக்கு மணி குறித்து வைத்திருந்தது. இனி படங்களின் தேதி தெரிந்தால் போதும்.

“நீங்க வரைஞ்ச படங்களோட மூலம் ஊட்டுல இருக்குதுங்களாக்கா?”

“பரண் மேல அறுபத்தொண்ணு கெடக்குதுங்க. கொண்டாரட்டுங்களா?”

படங்கள் ஒரு பழைய சீலையில் சுற்றி ஆட்டோவில் வந்தன. ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் பென்சிலால் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி, அதை ஒட்டி ஒரு தேதி. மிருதுளா தேதிகளை எடுத்து ஐந்து வருட அலையின் மேல் வைத்தாள். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

ஐந்து வருடத்தில் கோகிலாமணியின் மனம் ஐந்து தடவை உச்சிக்கு ஏறியிருந்தது. அறுபத்தொரு படங்களின் தேதியும் அந்த ஐந்து உச்சிகளில், சரியாக ஐந்தே நாட்களில் விழுந்தன. ஒரே நாளில் பதினான்கு படம்கூட இருந்தது. சாதாரண நாளில் ஒன்றுகூட இல்லை.

மையத்தின் தலைவர் டாக்டர் ஜெயசீலன் திரையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“அறுபத்தொண்ணுக்கு அறுபத்தொண்ணு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், மிருதுளா?”

“ஒரே நாள்ல பதினாலு படம் முடியுமா சார்?”

“உச்சியில இருக்கறவங்க ஒரு மாச வேலைய ஒரு நாள்ல செய்வாங்க. நீயே எத்தனை பேரைப் பார்த்திருக்கே?”

அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த கண்கள் அவர்களுடையவை. இரத்தக் குப்பியின் மேல் ஒரு தேதி இருந்தால் அது இரத்தம் எடுத்த தேதி. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கோகிலாமணியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டே வாரத்தில் திட்டம் தயாரானது. பெயர் ‘ஜன்னல்’. சமனியின் மேல் கோட்டைப் பன்னிரண்டு நாளைக்கு உயர்த்துவது, பிறகு இறக்கிவிடுவது. சேதி எப்படியோ கசிந்தது. பாட்டு எழுதுகிறவர்கள் விசாரித்தார்கள், விளம்பரக் கம்பெனிக்காரர்கள் விசாரித்தார்கள். நோய் நொடி எதுவும் இல்லாத ஒரு பெண்ணை அவள் அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்து, கட்டடக் கலை நுழைவுத் தேர்வில் படம் வரைகிற தாள் இருக்கிறது, இரண்டே இரண்டு நாளைக்கு மட்டும் ஏற்றிவிட முடியுமா என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்தாள். மிருதுளாவுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் டாக்டர் அந்த அம்மாவின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டார்.

கோகிலாமணியின் கணவர் தனபாலிடம் சம்மதக் கையெழுத்து வாங்க மிருதுளாவே போனாள். ஒண்டிப்புதூரில் வீட்டை ஒட்டியே பட்டறை. தண்ணீர் மோட்டார்களுக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். பேசும்போதும் விரல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“நான் டாக்டர் இல்லீங்ணா.”

“சரிங்க டாக்டரம்மா. அந்த நாளுங்க எப்படி இருந்துச்சுன்னு உங்க பட்டையில வந்துருக்குமுங்களா?” அவர் நிமிரவில்லை. “மொத வாரம் பாட்டும் சிரிப்புமா இருப்பா. என்னையும் சிரிக்க வெப்பா, பொய் சொல்லக் கூடாதுங்க. ரெண்டாவது வாரம் கண்ணு மூட மாட்டா. அறைக் கதவச் சாத்திக்குவா. உள்ள தண்ணி ஊத்தற சத்தம், பலகய இழுக்கற சத்தம். கூப்பிட்டா காதுல ஏறாது. ஒருக்கா பகல்லயே தண்ணித் தொட்டி உச்சியில ஏறி நின்னுட்டா. அங்கிருந்து பாத்தா பஸ்ஸு பறக்கறது தெரியுமாமா. அப்பறம் வுழுவா பாருங்க. ரெண்டு மாசம், மூணு மாசம், செவுத்தப் பாத்துப் படுத்துருப்பா. அந்தா, அந்தக் கிணத்து மேல வலை போட்டது நானுங்க. எதுக்குப் போட்டேன்னு ஊர்ல கேட்டா எல விழுதுன்னு சொல்லுவேன்.”

மிருதுளா கொல்லைப் பக்கம் பார்த்தாள். கிணற்றின் மேல் பச்சை நைலான் வலை இறுகக் கட்டியிருந்தது.

“அப்ப வேண்டாம்னு சொல்லிருங்கண்ணா. நான் நிறுத்திடறேன்.”

விரல்கள் நின்றன. “நேத்தைக்கு அழுதாளுங்க. உசுரோட இருக்கேன், ஆனா நான் இல்லைங்கறா. நான் என்ன பதில் சொல்றதுங்க?” அவர் கையெழுத்துப் போட்டார். வாசலில் பிளைவுட் பலகைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஏதோ மராமத்து வேலை போல என்று நினைத்துக்கொண்டு மிருதுளா தாண்டிப் போனாள்.

ஜன்னலை ஒரு வளர்பிறை முகூர்த்த நாளில் திறக்க வேண்டும் என்று கோகிலாமணி சொல்லிவிட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

மூன்றாம் நாளே அவர் வேறு ஆள். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. வாய் ஓயவில்லை. மிருதுளாவின் பையைப் பிடுங்கி அதன் வாரில் எத்தனை தையல் என்று எண்ணிச் சொன்னார். எறும்புகள் வெயிலைத் தூக்கிப்போய்ப் புற்றில் சேர்ப்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மிருதுளா சொக்கிப் போனாள். இதற்கு ஆசைப்படாமல் யார் இருப்பார்கள் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஐந்தாம் நாள் அறைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம், பலகை இழுபடும் சத்தம்.

எட்டாம் நாள் காலை ஆறு மணிக்கே அலை சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் போனால் திரும்ப இறக்குவது கடினம். சமனியின் பிடியே விட்டுப்போகவும் வாய்ப்புண்டு. தாண்டினால் உடனே மூட வேண்டும் என்று விதி எழுதியவளே மிருதுளாதான். ஆனால் அவள் மூடவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன படம் வந்துகொண்டிருக்கிறதோ, அதை நடுவில் அறுத்துவிடுவோமோ என்று காத்திருந்தாள். பத்து மணி வரை என்று நினைத்தாள். பத்தானதும் பன்னிரண்டு வரை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தனபால் அழைத்தார். “டாக்டரம்மா, வலைய அவுத்துட்டா. கிணத்து மேட்டுல காலத் தொங்கப் போட்டு உக்காந்துருக்கா. நான் கிட்டப் போனா உள்ளாறப் பாத்துச் சிரிக்கறா.”

மிருதுளா திரையின் பக்கம் திரும்பினாள். இருந்த இடத்திலிருந்தே ஜன்னலை மூடினாள். சமனி வேலை செய்யப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடமும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், தனபால் மனைவியிடம் எறும்பைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேச்சுக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டே காரை ஓட்டினாள். தான் ஆசைப்பட்டதற்கு விளிம்பில் உட்கார்ந்திருப்பது இன்னொருத்தி என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது கோகிலாமணி தனபாலின் தோளில் சாய்ந்து தள்ளாடி நடந்துகொண்டிருந்தார். வலை கொல்லை முழுக்க இரண்டு தென்னைக்கு நடுவே விரித்துக் கட்டியிருந்தது. அதன் மேல் பலகைகள் காய்ந்துகொண்டிருந்தன.

மிருதுளா கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு அறைக்குள் ஓடினாள். அங்கேயும் சுவரோரம் வரிசையாகப் பலகைகள். எண்ணினாள். மொத்தம் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றிலும் தடித்த வெள்ளைத் தாள் முரசுத்தோல் போல இழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் ஒரு பிள்ளையார் சுழி, ஒரு தேதி. ஜன்னல் திறந்த முகூர்த்த நாள்.

வேறு ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்றும் வெள்ளை.

சமனி வைத்ததிலிருந்து எப்போது ஏறினாலும் ஒரே நாளில் இறங்கிவிடும் அலை இந்தத் தடவை சமநிலைக்கு வர ஒன்பது நாள் பிடித்தது. அந்த ஒன்பது நாளும் தனபால் பட்டறையைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை ஏற்றினால் இறங்குமா என்பதற்கு மிருதுளா உத்தரவாதம் தர முடியாது. படமும் வரவில்லை, பாவமும் சேர்ந்தது என்று அவள் வீட்டில் யாருடனும் சரியாகப் பேசாமல் கிடந்தாள்.

பத்தாம் நாள் மகளுக்குச் சோறு ஊட்டும்போது வழக்கம்போலப் புத்தகம் மடியில் இருந்தது. கிளிகள் கொட்டின. அம்மாள் தலையைச் சாய்த்து முந்தானையை ஏந்தி நின்றாள். நாள் முழுக்கக் காதுக்குப் பின்னால் பார்த்தே பழகிய கண் மிருதுளாவுடையது. இத்தனை மாதம் கதை சொல்கிற அவசரத்தில் பார்க்கத் தவறியதை அன்றைக்கு அது பார்த்துவிட்டது. அந்த அம்மாளின் வலது காதுக்குப் பின்னால் சின்னதாக, சதுரமாக, தோல் நிறத்தில் ஒரு பிளாஸ்திரி. சமனி வைத்த புதிதில் ஒரு மாதம் ஒட்டியிருக்கச் சொல்வது அதைத்தான்.

படத்தின் மூலையில் இருந்த தேதி அவளுக்கு மனப்பாடம். அது ஆறு வருடத்துக்கு முந்தியது. சமனி வைத்ததோ மூன்று வருடத்துக்கு முன்.

வைக்காத சமனிக்கு யாராவது பிளாஸ்திரி வரைவார்களா? மகளின் கையைக்கூடக் கழுவிவிடாமல் மிருதுளா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஒண்டிப்புதூரில் கோகிலாமணி மெலிந்துபோய், ஆனால் தெளிவாக, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, அந்தத் தேதி என்ன தேதிங்க?”

“எந்தத் தேதிங்க?”

“படத்து மூலையில சுழி போட்டுப் பக்கத்துல எழுதறீங்களே.”

“அதுங்களா, தாள் கட்டின தேதிங்க.” இதுகூடத் தெரியாதா என்று அவர் பார்த்தார். “இந்தத் தாள அப்படியே வரைஞ்சா தண்ணி பட்டதும் நெளிஞ்சு போயிரும். மொதல்ல நல்லா நனைச்சு, பலகயில போட்டு இழுத்து, சுத்தியும் பசை நாடா ஒட்டிக் காய வெக்கணும். கட்டினதும் சுழி போட்டு, அந்தத் தடவை மொதத் தாளத் தொட்ட முகூர்த்த நாளையே எல்லாத்துலயும் எழுதி வெச்சுருவேன். நல்ல நாள்ல தொட்டு வெச்சாப் போதுமுங்களே. படம் அது பாட்டுக்கு அஞ்சு மாசமோ அஞ்சு வருசமோ கழிச்சு வரும். ஒரு படம் முடிக்க எனக்கு மூணு நாலு வாரம் ஆகுமுங்க. கிளிப்படம் எழுபது நாளு.”

“அப்ப உச்சியில இருந்த நாள்கள்ல?”

“அப்ப எங்க வரையறதுங்க? கை ஒரு எடத்துல நிக்குமா? தாள்தான் கட்டுவேன்.”

“இத ஏனுங்கக்கா எங்ககிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லீங்களே, அம்மிணி.”

மிருதுளாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நோய் நாளில் வந்தது அறுபத்தொரு வெள்ளைத் தாள். படங்கள் முழுக்க வந்தது கோகிலாமணி தூங்கி, சாப்பிட்டு, நன்றாக இருந்த நாட்களில். கிளிப்படம் உட்படக் கடைசிப் பத்துப் பன்னிரண்டும் சமனி வைத்த பிறகு, பழைய தாள் மிச்சம் இருந்தவரைக்கும் வரைந்தவை. மிச்சம் தீர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. உதைத்த அந்த ஒரு வருடம் அங்கேதான் இருந்தது.

“அப்ப தாள் இல்லாமத்தான் நின்னு போச்சுங்களா? சாதாரணமா ஒரு நாள் உக்காந்து கட்டியிருக்கலாமே?”

கோகிலாமணி தலையை ஆட்டினார். “கட்டிப் பாத்தேனுங்க. நாலு தாள் கட்டினேன். நாலையும் கிழிச்சுப் போட்டேன். வெள்ளையா ஒண்ண எதுத்தாப்புல வெச்சு, இதுல நான் ஒண்ணு செய்யப் போறேன்னு சொல்றதுக்கு ஒரு திமிர் வேணும். எனக்கு அது அப்ப மட்டுந்தான் வரும். வரையறதுக்குப் பொறும போதும், அது என்கிட்ட எப்பவும் இருக்குது. அந்தக் கை தொட்ட தாள்னா உள்ள ஏதோ இருக்குதுன்னு ஒரு தைரியம். கைராசின்னு வெச்சுக்கங்களேன்.” பிறகு முகம் மலர்ந்தது. “ஆனா நீங்க கவலப்படாதீங்க. எல்லாம் நல்லபடியாத்தான் நடந்துச்சு. நாப்பத்து மூணு தாள். நாலு வருசத்துக்குப் போதும். தீந்ததும் மறுக்கா வர்றேன்.”

மறுக்கா என்ற அந்த ஒரு சொல் மிருதுளாவைத் திடுக்கிட வைத்தது. இந்தம்மாவுக்குப் பரிசோதனை வெற்றி. நாலு வருடம் கழித்து அதே நாற்காலியில் வந்து உட்காருவார். அப்போது மிருதுளா முடியாது என்று சொன்னால், இன்னொரு மையத்தில் இன்னொருத்தர் முடியும் என்பார்.

டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் ‘ஜன்னல்’ திட்டத்தை மூடி, அந்த நுழைவுத் தேர்வுப் பெண்ணின் அம்மாவுக்குத் தானே அழைத்து இல்லை என்று சொன்னார். அந்த மட்டில் அவர் நேர்மையானவர்.

மிச்சம் இருந்தது அந்தக் கைராசி. அடுத்த வாரம் கோகிலாமணியைப் பார்த்துவிட்டுப் பட்டறை வாசலில் விடைபெறும்போது தனபால்தான் கேட்டார், கம்பியைச் சுற்றிக்கொண்டே.

“அந்தக் கை தொட்டாத்தான் வருமுங்கறா. என்ற கை தொட்டா வராதுங்களா, டாக்டரம்மா?”

மிருதுளா நின்றாள்.

“மோட்டாருக்குக் கம்பி கட்டற கைங்க இது. ஒரு நூலு தொய்வு இருக்காது. ஒரே ஒரு தாள் நான் கட்டி அந்த அடுக்குல சொருகி வெச்சா? சொல்ல வேண்டாம். வருதா வரலையான்னு பாக்கலாம்.”

சோதனை என்றால் இதுதான் சோதனை. அவள் படித்த படிப்பில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. அதைத் தனபால் கம்பி சுற்றிக்கொண்டே கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை கோகிலாமணி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவர் தாளை நனைத்து, இழுத்து, ஒட்டினார். மனைவியின் சுழியைப் பார்த்துப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். அதே முகூர்த்தத் தேதியையும் எழுதினார். பின்னால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று மிருதுளா இடது மேல் மூலையில் ஓர் ஊசித் துளை போட்டாள். காய்ந்ததும் பலகையை அடுக்கின் நடுவில் செருகினார்கள். மனைவிக்குத் தெரியாமல் எதையும் செய்து பழக்கமில்லாத தனபாலுக்கு வேர்த்துவிட்டது.

பதினான்கு மாதம் போயிற்று. அலைகள் ஒழுங்காக இருந்தன. கிணற்றில் வலை திரும்பக் கட்டப்பட்டது. கோகிலாமணி வரைகிறார் என்று மட்டும் தனபால் அவ்வப்போது சொல்வார். எந்தத் தாளில் என்று கேட்க மிருதுளாவுக்கு நாக்கு துடிக்கும். கேட்கவில்லை. ஒரு தடவை அவசரப்பட்டதற்கே அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு நாள் காலை கோகிலாமணி உருளையாகச் சுருட்டிய தாளோடு வந்தார்.

“புதுப் புத்தகத்துக்கு அட்டைப்படமுங்க. அச்சுக்கு எடுத்துட்டாங்க. மூலம் உங்களுக்குத்தான், அம்மிணி.”

மிருதுளா மேஜையில் விரித்தாள். நல்ல வெயில் நேரம். ஒரு கிணறு. அதன் மேல் பச்சை வலை. வலையில் ஊஞ்சலில் படுத்தது போல ஒரு பெண் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். வலையின் நான்கு மூலையையும் நான்கு குட்டி மோட்டார்கள் பல்லைக் கடித்துப் பிடித்திருக்கின்றன. கிணற்று மேட்டில் ஒருவர் உட்கார்ந்து தாமிரக் கம்பி சுற்றுகிறார். கம்பியின் நுனி தூங்குகிறவளின் கால் கட்டைவிரலில் கட்டியிருக்கிறது. கீழே தண்ணீரில் மீன்கள் எல்லாம் அண்ணாந்து, சத்தம் போடாதே என்று ஒன்றையொன்று அதட்டுகின்றன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. கிளிப்படத்தைவிட இது ஒரு படி மேல். அதைச் சொல்ல வாயெடுத்தவள், பழக்கதோஷத்தில் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

இடது மேல் மூலையில் வெளிச்சம் ஒரு புள்ளியாக வந்தது.

மிருதுளா தாளைக் கீழே இறக்கினாள். சொல்லலாமா? சொன்னால் கைராசி என்கிற அந்தத் தைரியம் உடைந்துவிடுமா? சொல்லாவிட்டால் இன்னும் மூன்று வருடத்தில் இவர் மறுபடி வந்து கிறுக்கு கேட்பாரே.

“பொறத்தால பாக்கலீங்களே,” என்றார் கோகிலாமணி.

திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் நாலு வரி.

‘நான் கட்டினது நாற்பத்து மூன்று. எனக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். அடுக்கில் இதுதான் தொய்வே இல்லாமல் இருந்தது. அதனால் முதலில் இதை எடுத்தேன். கைராசி பரவாயில்லை, இனி அவரையே கட்டச் சொல்லிவிட்டேன்.’

அதற்குக் கீழே ஒரு தேதி. முடித்த தேதி என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது, யாரும் இனி தப்பாகப் படிக்க வேண்டாம் என்பது போல.

கோகிலாமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “என்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லீராதீங்க. எனக்குத் தெரியாதுன்னுதான் இன்னும் நெனச்சுட்டு இருக்கறாரு. இப்ப பட்டறையில தாள் கட்டறப்பவெல்லாம் மொகத்துல ஒரு கள்ளத்தனம். பாக்க நல்லா இருக்குதுங்க.”

அவர் போன பிறகு மிருதுளா சமனியின் பதிவில் அந்தத் தேதியைத் தேடி எடுத்தாள். அது ஒரு செவ்வாய்க்கிழமை, அஷ்டமி. முகூர்த்தம் எதுவும் இல்லாத நாள். முந்தின நாள் ஏழு மணி நேரம் தூக்கம். அலை மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. இரண்டு கோடுகளுக்கும் நடுவில், காலையிலிருந்து பொழுது சாயும் வரை, ஒரே நேராக ஓடியிருந்தது.